வறட்சியும் புயலும் பஞ்சமாவது எப்படி? மடகாஸ்கர் தரும் சாட்சியம்

2021 ஜூன் மாதம் உலக உணவுத் திட்டத்தின் அப்போதைய தலைவர் டேவிட் பீஸ்லி மடகாஸ்கரின் தென்பகுதிக்குப் போய்வந்தார். அதையொட்டி, பருவநிலை மாற்றம் உண்டாக்கிய முதல் பஞ்சம் இது என்ற பேச்சு உலகச் செய்தி ஊடகங்களில் பரவியது. அதே ஆண்டு டிசம்பரில் வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற பன்னாட்டு அறிவியலாளர் குழு மழைக் கணக்கை ஆராய்ந்து வேறு முடிவைச் சொன்னது. 2019 ஜூலை முதல் 2021 ஜூன் வரை தெற்கில் பெய்த மழை வழக்கத்தில் 60 சதவீதம்தான். 135 ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க வறட்சி அது. 1990–92 வறட்சி மட்டுமே அதைவிடக் கடுமையாக இருந்தது. ஆனால் இந்த மழைக்குறைவில் பருவநிலை மாற்றத்தின் பங்கு என்று உறுதியாகக் காட்டும்படி ஒன்றும் தென்படவில்லை. அப்பகுதியின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும் வறட்சிதான் அது என்றது அந்தக் குழு.

நான்கே மாதத்தில், 2022 ஏப்ரலில், அதே குழு அதே தீவைப் பற்றி இன்னோர் ஆய்வை வெளியிட்டது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் மடகாஸ்கரையும் அண்டை நாடுகளையும் தாக்கிய புயல்களில் பெய்த மழையைப் புவி வெப்பமாதல் கூட்டியிருக்கிறது என்பது அதன் முடிவு.

இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஒரே நாட்டில் ஒரு பேரிடருக்கு மனிதர் மூட்டிய வெப்பம் துணைபோகிறது. இன்னொன்றுக்கு அப்படித் துணைபோனதாகத் தெரியவில்லை. இரண்டின் முடிவிலும் நிற்பது பட்டினிதான். அப்படியானால் மழைக்கும் காற்றுக்கும் அப்பால், இந்த இரண்டையும் பஞ்சமாக மாற்றும் பொதுவான காரணம் எது? அதைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கும் மடகாஸ்கர் உலகின் நான்காவது பெரிய தீவு. பரப்பில் தமிழ்நாட்டைப்போல நான்கு மடங்குக்கும் அதிகம். மக்கள்தொகை சுமார் 3 கோடி. இந்தியப் பெருங்கடலிலிருந்து வீசும் கிழக்குக் காற்று கொண்டுவரும் ஈரத்தைக் கிழக்குக் கரையோர மலைத்தொடர் தடுத்து இறக்கிவிடுகிறது. அதனால் கிழக்குக் கரை ஆண்டு முழுக்க நனைகிறது. தெற்கும் தென்மேற்கும் மழை மறைவுப் பகுதி.

தென்கிழக்கு மூலையில் உள்ள தவுலாஞாரு துறைமுக நகரிலிருந்து மேற்கே அம்போவம்பே நகருக்குச் சாலை வழியே சுமார் 110 கிலோமீட்டர். இந்தச் சிறிய தொலைவுக்குள் அனோசி மலைகளைக் கடந்தவுடன் பச்சைக் காடு மறைந்து முட்காடு தொடங்குகிறது. ஆண்ட்ராய், அனோசி, அட்சிமோ-ஆண்ட்ரெஃபனா ஆகிய மூன்று மாநிலங்களைச் சேர்த்து ‘பெருந்தெற்கு’ என்கிறார்கள். அதன் வறண்ட பகுதிகளில் நல்ல ஆண்டிலேயே 400 முதல் 600 மில்லிமீட்டர் மழைதான். மரவள்ளி, மக்காச்சோளம், சர்க்கரைவள்ளி ஆகியவையே சாப்பாடு. திமில் மாடுதான் சொத்து.

நாட்காட்டி இங்கே முக்கியம். தெற்கில் கையிருப்பு தீர்ந்து அடுத்த அறுவடை வராத பற்றாக்குறைக் காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை நீள்கிறது. புயல் பருவமோ நவம்பர் முதல் ஏப்ரல் வரை. நாட்டின் ஒரு மூலையில் குதிர் காலியாகும் அதே மாதங்களில்தான் மறுமூலையில் கூரை பறக்கிறது, சாலை அறுந்துபோகிறது.

பட்டினி படிப்படியாக வரும் விதம்

பஞ்சம் திடீரென வருவதில்லை. 2019 கடைசியில் விதைத்தது சரியாக விளையவில்லை. விதைக்கு வைத்திருந்ததைச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் அடுத்த மழைக்கு விதையில்லாமல் நின்றார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தது. விளைச்சல் பொய்த்தால் வடக்கேயும் மேற்கேயும் கூலிவேலைக்குப் போவது தெற்கத்திக் குடும்பங்களின் பழைய வழக்கம். அந்த வழி அடைபட்டது. 2020–21 பருவமும் கெட்டது. அதோடு ‘தியோமேனா’ என்று அங்கே சொல்லப்படும் செம்மண் புழுதிக்காற்று முளைத்திருந்த கொஞ்சநஞ்சப் பயிரையும் மூடிவிட்டது. எரிகரிக்காகவும் மக்காச்சோளச் சாகுபடிக்காகவும் முட்காட்டை வெட்டி வெறுமையாக்கிய நிலத்தில் மணலைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை.

இந்தக் கட்டத்தில் சந்தை இரண்டு பக்கமும் வெட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டை விற்க ஓட்டிவரும்போது மாட்டின் விலை சரிகிறது. எல்லோரும் மரவள்ளி தேடும்போது அதன் விலை ஏறுகிறது. நல்ல காலத்தில் ஒரு மாட்டை விற்றால் மாதக்கணக்கில் சாப்பிடலாம் என்ற கணக்கு, பஞ்ச காலத்தில் வாரக்கணக்காகச் சுருங்குகிறது. மாட்டுக்குப் பிறகு ஏர்க்கருவி, பிறகு பாத்திரம், கடைசியில் நிலம். பஞ்ச காலத்தில் உணவு எங்கோ இருக்கத்தான் செய்கிறது, அதை வாங்கும் வலு சிலரிடமிருந்து போய்விடுகிறது என்று 1981இல் வெளியான தம் நூலில் அமர்த்தியா சென் வங்கப் பஞ்சத்தை வைத்து விளக்கினார். ஆண்ட்ராய் சந்தைகள் அதை மறுபடியும் காட்டின.

விற்க ஒன்றுமில்லாதவர்கள் எதைச் சாப்பிட்டார்கள்? செந்நிறக் கள்ளிப்பழம், காட்டு இலை, வெட்டுக்கிளி. புளியம்பழத்தின் கூழில் வெள்ளைக் களிமண்ணைக் குழைத்தும் சாப்பிட்டார்கள். புளி வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கவும் வயிறு நிறைந்ததுபோல் தோன்றவும் களிமண். புளி ரசம் இல்லாமல் நாள் போகாத நமக்கு அந்தப் புளிப்பு எப்படியிருக்கும் என்பது தெரியும். அதுவே சாப்பாடாகும் நிலையை எண்ணிப் பார்ப்பதுதான் கடினம்.

2021இல் உணவு நெருக்கடி வகைப்பாட்டு அமைப்பான ஐபிசி வெளியிட்ட கணிப்பின்படி, தெற்கில் 11.4 லட்சம் பேர் நெருக்கடி நிலையிலோ அதைவிட மோசமான நிலையிலோ இருந்தார்கள். அவர்களில் அம்போவசாரி-அட்சிமோ மாவட்டத்தின் 14,000 பேர் ஐந்தாம் நிலையில், அதாவது பஞ்சத்துக்கு நிகரான நிலையில். அக்டோபருக்குள் இது 28,000 ஆகும் என்றும் அப்போது மதிப்பிடப்பட்டது.

கள்ளி அழிந்த கதை

தெற்கத்தி மக்கள் பஞ்சத்தைக் ‘கேரே’ என்கிறார்கள். இப்பெயரால் அழைக்கப்படும் பெரும் பஞ்சங்களின் வரிசை 1930இல் இருந்து தொடங்குகிறது. அதற்கு முன்னும் அங்கே மழை பொய்த்ததுண்டு. பிறகு ஏன் அந்த ஆண்டு?

1769இல் தவுலாஞாருவில், அன்றைய பிரெஞ்சுக் கோட்டையான ஃபோர்ட் டோஃபானில், மோதவ் பிரபு ஒரு சப்பாத்திக்கள்ளி இனத்தை வேலிக்காகக் கொண்டுவந்து நட்டார். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. ஒன்றரை நூற்றாண்டில் அது தெற்கு முழுக்கப் பரவியது. ஆண்ட்ராய் பகுதியின் அன்டன்ட்ராய் மக்கள் அதைத் தங்கள் வாழ்க்கையின் நடுவில் வைத்துக்கொண்டார்கள். வறண்ட மாதங்களில் மடலின் முள்ளைத் தீயில் பொசுக்கி மாட்டுக்குத் தீனியாகப் போடுவார்கள். மடலிலுள்ள நீரே மாட்டின் தாகத்தையும் தணித்துவிடும். பழம் மனிதருக்கு உணவு. கிராமத்தைச் சுற்றி வளர்ந்த கள்ளி எதிரி நுழைய முடியாத அரண். 1896இல் தீவைக் கைப்பற்றிய பிரெஞ்சு அரசுக்குத் தெற்கை அடக்குவது பெரும்பாடானதற்கு இந்த முள் அரணும் ஒரு காரணம்.

1920களில் காலனி அதிகாரிகளிடையே இந்தக் கள்ளியைப் பற்றி விவாதம் எழுந்தது. இது சோம்பலை வளர்க்கும் களை, இதை ஒழித்தால் மக்கள் கூலிவேலைக்கு வருவார்கள் என்றது ஒரு தரப்பு. இது இல்லாவிட்டால் தெற்கில் மனிதரும் மாடும் பிழைக்க முடியாது என்றது இன்னொரு தரப்பு. விவாதம் முடிவதற்குள் 1924இல் கொச்சினீல் பூச்சி தெற்கில் விடப்பட்டது. வெள்ளைப் பஞ்சுபோல மடலில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் பூச்சி. இதில் தாவரவியலாளர் ஆன்றி பெரியே த லா பாத்திக்குப் பெரும் பங்குண்டு. சுமார் ஐந்தாண்டில் பழைய கள்ளி ஏறக்குறைய முற்றாக அழிந்தது. 1930இல் மழையும் பொய்த்தபோது தீனிக்குக் கள்ளி இல்லை. மாடுகள் செத்தன, மக்கள் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் சீசல் கற்றாழைத் தோட்டங்களுக்கும் வடக்கத்திக் கரும்புத் தோட்டங்களுக்கும் கூலிகளாகப் போனார்கள்.

தமிழ் வாசகருக்கு இதில் நேரடியாகத் தொடர்புள்ள ஒரு செய்தி உண்டு. ஏறக்குறைய அதே காலத்தில், 1926இல், கொச்சினீல் இனங்களில் ஒன்றை இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து சப்பாத்திக்கள்ளியின் மீது விட்டார்கள். நம் மானாவாரி நிலங்களை அடைத்துக்கொண்டிருந்த கள்ளி மளமளவென்று மடிந்தது. உயிரியல் முறையில் களையை ஒழித்ததற்கு வெற்றிகரமான எடுத்துக்காட்டு என்று வேளாண் பாடநூல்கள் இதைச் சொல்கின்றன. இங்கே கள்ளி நிலத்தை அடைத்த களை. அங்கே அதுவே வறட்சிக்கான காப்பீடு. ஒரு மக்கள் எதை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று கேட்காமல் தலைநகரில் அமர்ந்து எடுக்கும் முடிவு, இங்கே நன்மையானதுபோல் அங்கே சாவாகவும் முடியலாம்.

2021இல் மக்கள் தின்ற செந்நிறக் கள்ளி பிற்பாடு பரவியது. நம் சப்பாத்திக்கள்ளிக்கு மிக நெருங்கிய சொந்தம். முள் அதிகம், மாட்டுக்கு ஆகாது. பழைய கள்ளி தந்த பாதுகாப்பை அது ஒருநாளும் தரவில்லை.

தண்ணீரும் சாலையும்

கள்ளியின் இடத்தை அரசு எதைக் கொண்டு நிரப்பியது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆண்ட்ராயில் வறட்சிக் காலத்தில் நீர் மாட்டுவண்டியில் வருகிறது. பீப்பாய்களை ஏற்றிய வண்டிகள் தொலைவிலுள்ள ஆற்றுமணல் ஊற்றிலிருந்தோ கிணற்றிலிருந்தோ நிரப்பிவந்து மஞ்சள் நிறக் கேன்களில் அளந்து விற்கின்றன. வறட்சி முற்ற முற்ற வண்டி போகவேண்டிய தூரம் கூடுகிறது, இழுக்கும் மாடு இளைக்கிறது, கேன் விலை ஏறுகிறது. சோற்றுக்கு வைத்த காசு தண்ணீருக்குப் போகிறது.

மந்த்ராரே ஆற்றங்கரையில் அம்போவசாரியைச் சுற்றி நல்ல வண்டல் நிலம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி காலனி காலத்திலிருந்து சீசல் தோட்டங்களின் வசம். கயிற்றுக்கும் சாக்குக்குமான நார் அங்கிருந்து ஏற்றுமதியாகிறது. 2021இல் ஐந்தாம் நிலைக்குப் போன 14,000 பேரும் அதே மாவட்டத்தவர்கள்தான்.

சாலை இன்னும் மோசம். தலைநகர் அண்டனனரிவோவிலிருந்து வரும் நெடுஞ்சாலையை இஹோசியில் விட்டுப் பிரிந்து அம்போவம்பே வழியாகத் தவுலாஞாரு செல்லும் 13ஆம் எண் தேசியச் சாலை, பெயரளவில்தான் நெடுஞ்சாலையாகப் பல பத்தாண்டுகள் கிடந்தது. லாரிகள் நாள்கணக்கில் ஊர்ந்து வரவேண்டும். வழியில் ‘தஹாலோ’ எனப்படும் மாடு திருடும் ஆயுதக் கும்பல்களின் தொல்லை வேறு. சாலை இப்படியிருந்தால் நாட்டின் நடுப்பகுதியில் நெல் விளைந்தாலும் தெற்கில் அரிசி விலை குறையாது.

இதே தெற்கில், தவுலாஞாருவுக்குப் பக்கத்தில், எஹோவாலா என்ற நவீன ஆழ்கடல் துறைமுகம் 2009 முதல் இயங்குகிறது. இல்மனைட் தாது ஏற்றுமதிக்காகக் கட்டப்பட்டது அது. தாது வெளியேற வழி கிடைத்துவிட்டது. மரவள்ளி உள்ளே வர வழியில்லை. 2021 மார்ச்சில் இந்தியக் கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் ஜலஷ்வா 1,000 டன் அரிசியை அந்தத் துறைமுகத்தில்தான் இறக்கியது. தக்க சமயத்தில் வந்த உதவி. ஆனால் 11.4 லட்சம் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஒரு கிலோகூட வராது. கப்பலில் வரும் அரிசியால் உயிரைச் சில நாள் பிடித்துவைக்கலாம். சாலை, நீர், நிலம் ஆகியவற்றின் குறையை அது தீர்க்காது.

புயல் விட்டுச்செல்லும் பசி

தெற்கு உலர்ந்துகிடந்தபோது கிழக்கில் நீர் பெருகியது. 2022 ஜனவரி கடைசியில் அனா என்ற புயல் நாட்டை நனைத்துச் சென்றது. பிப்ரவரி 5 அன்று பட்சிராய் புயல் தென்கிழக்குக் கரையில் மனஞ்சாரிக்குப் பக்கத்தில் கரையேறியது. 121 பேர் இறந்தார்கள். நடுவில் துமாகோ. பிப்ரவரி 23 அதிகாலையில் எம்னாட்டி, மனகாராவுக்குப் பக்கத்தில். ஆறு வாரத்துக்குள் மொசாம்பிக், மலாவியையும் சேர்த்து இந்தப் பகுதியை ஐந்து புயல்கள் தாக்கின. எம்னாட்டி வறட்சி பாதித்த தெற்கின் வழியாகவே தீவைவிட்டு வெளியேறியது.

2023 பிப்ரவரி 21 அன்று மறுபடியும் மனஞ்சாரி. இம்முறை ஃப்ரெடி. ஆஸ்திரேலியாவின் வடமேற்கே உருவாகி இந்தியப் பெருங்கடல் முழுவதையும் கடந்துவந்த இந்தப் புயல் 36 நாள் நீடித்ததை, உலகிலேயே நெடுநாள் நீடித்த வெப்பமண்டலப் புயல் என்று உலக வானிலை அமைப்பு பதிவுசெய்திருக்கிறது. மடகாஸ்கரைத் தாண்டி மொசாம்பிக்கை இருமுறை தாக்கியது. மலாவியில் காணாமல்போனவர்களையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

புயல் என்றால் சாவு எண்ணிக்கையை வைத்தே அதன் கொடுமையை அளக்கிறோம். தென்கிழக்கு மடகாஸ்கரில் பெருங்கேடு புயலுக்குப் பின்னால்தான் வந்தது. அங்கே குடும்பங்கள் நெல்லோடு கிராம்பு, காப்பி, வெனிலா பயிரிடுகின்றன. அரிசி தீர்ந்த மாதங்களில் ஈரப்பலாவும் வாழையும் மரவள்ளியும் வயிற்றைக் காக்கும். கிராம்பு விற்ற காசு அரிசி வாங்கித் தரும். பட்சிராய் வயலில் நின்ற நெல்லை மூழ்கடித்தது. ஈரப்பலாவை முறித்தது. கிராம்பு மரங்களை வேரோடு சாய்த்தது. நெல்லை அடுத்த பருவத்தில் நட்டுவிடலாம். புதிதாக நடும் கிராம்புக் கன்று பலன் தரவோ ஏழெட்டு ஆண்டு பிடிக்கும். அதற்குள் ஓராண்டு இடைவெளியில் ஃப்ரெடி வந்துவிட்டது.

கஜா புயலில் தென்னையை இழந்த டெல்டா விவசாயிக்கு இந்தக் கணக்கை விளக்கவேண்டியதில்லை. 2018 நவம்பரில் ஒரே இரவில் சாய்ந்த மரங்கள் கொடுத்துவந்த வருமானம் திரும்ப எத்தனை ஆண்டு ஆகும் என்பது பட்டுக்கோட்டை, பேராவூரணிக்காரர்களுக்குத் தெரியும். வேறுபாடு என்னவென்றால் அவர்களுக்கு ரேஷன் கடை இருந்தது. மனஞ்சாரிக்காரருக்கு அப்படி ஒன்று கிடையாது.

இங்கேதான் வறட்சியும் புயலும் ஒன்றுசேர்கின்றன. மெதுவாக வருவது ஒன்று, ஒரே இரவில் வருவது மற்றொன்று. இரண்டும் தாக்குவது குடும்பத்தின் கையிருப்பை: மாடு, விதை, மரம். அந்தக் கையிருப்பை மீட்டுக்கொள்ள ஆகும் காலத்தைவிட அடுத்த அடி விழும் இடைவெளி குறைந்துவிட்டால், வானிலை எவ்வளவு மிதமாக இருந்தாலும் பட்டினி நிரந்தரமாகிவிடும். நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 40 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஒரு பருவ வறட்சியாலோ ஒரு புயலாலோ வரும் குறை இல்லை இது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பசி.

அளவுகோலும் காலதாமதமும்

பசியை அளப்பதில் உலகம் இன்று தேர்ந்திருக்கிறது. ஐபிசி அளவுகோலில் ஐந்து நிலைகள். ஓரிடத்தில் பஞ்சம் என்று அறிவிக்க மூன்று நிபந்தனைகள்: ஐந்தில் ஒரு குடும்பமாவது உணவின்றித் தவிக்கவேண்டும், குழந்தைகளில் 30 சதவீதம் பேராவது கடும் ஊட்டச்சத்துக் குறைவில் இருக்கவேண்டும், நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேரில் இருவராவது பட்டினியாலோ அதையொட்டிய நோயாலோ சாகவேண்டும். 2021இல் தெற்கு மடகாஸ்கரில் பஞ்சம் முறைப்படி அறிவிக்கப்படவில்லை. ஆனால் மூன்றாவது நிபந்தனை நிறைவேறும்வரை காத்திருந்து அறிவிப்பதில் யாருக்கு லாபம்?

களத்தில் அளவுகோல் இன்னும் எளியது. சுகாதாரப் பணியாளர் குழந்தையின் மேற்கையைச் சுற்றி ஒரு வண்ண நாடாவை இழுக்கிறார். 125 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மஞ்சள், 115க்குக் கீழே போனால் சிவப்பு. சிவப்பில் விழும் குழந்தைக்கு 92 கிராம் எடையுள்ள நிலக்கடலைப் பசைப் பாக்கெட்டுகள் கொடுக்கிறார்கள். ஒன்றில் 500 கலோரி. சமைக்கவேண்டாம், தண்ணீர் கலக்கவேண்டாம். நீரே விலைக்கு விற்கும் ஊரில் இது பெரிய வசதி. குழந்தை சில வாரத்தில் தேறிவிடும். வீட்டில் மாடும் விதையும் இல்லையென்றால் அடுத்த பற்றாக்குறைக் காலத்தில் அதே குழந்தை அதே நாடாவுக்குத் திரும்பி வரும்.

அறிவு இருக்கிறது, பணம்தான் தாமதமாக வருகிறது. இதைச் சரிசெய்ய ஆப்பிரிக்க ஒன்றியம் உண்டாக்கிய ஆப்பிரிக்கன் ரிஸ்க் கெபாசிட்டி என்ற காப்பீட்டு அமைப்பு, மழைக் குறைவை வைத்தே கணக்கிட்டு 2020 ஜூலையில் மடகாஸ்கருக்குச் சுமார் 21 லட்சம் டாலர் கொடுத்தது. நல்ல முறைதான். ஆனால் மறு ஆண்டு நெருக்கடியில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு இரண்டு டாலர்கூட இல்லை. இன்னொரு பக்கம், எதியோப்பியப் பஞ்சத்தையடுத்து 1985இல் அமெரிக்கா ஏற்படுத்திய பஞ்ச முன்னறிவிப்பு வலையமைப்பு, 2025 ஜனவரியில் அந்நாட்டு அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது இணையத்திலிருந்தே மறைந்து சில மாதங்கள் முடங்கிக்கிடந்தது. ஒரு நாட்டின் தேர்தல் முடிவில் இன்னொரு கண்டத்தின் எச்சரிக்கை மணி நின்றுபோகும் ஏற்பாட்டை நம்பகமான ஏற்பாடு என்று சொல்லமுடியாது.

செய்யக்கூடியவை

தெற்கில் பலன் தந்தவை பெரும்பாலும் விளம்பரமில்லாத வேலைகள். மெனரந்த்ரா ஆற்றின் அம்போடக்கா என்ற இடத்திலிருந்து பெலோஹா, சிஹோம்பே பக்கம் போகும் குடிநீர்க் குழாய், வண்டித் தண்ணீரை நம்பியிருந்த ஊர்களுக்கு நீரைக் கொண்டுவந்திருக்கிறது. அம்போவம்பே வட்டாரத்தில் வயலின் குறுக்கே துவரையை வேலியாக வரிசையாக நடும் முறையை வேளாண் பணியாளர்கள் பரப்பினார்கள். துவரை காற்றைத் தடுத்து மணலைப் பிடிக்கிறது, மண்ணுக்கு உரமாகிறது, பருப்பும் தருகிறது. நீர் அதிகம் கேட்கும் மக்காச்சோளத்தோடு சோளத்தையும் கம்பையும் மறுபடி கொண்டுவந்தார்கள். இவை நம் கரிசல் காட்டுச் சம்சாரி காலங்காலமாகக் கடைப்பிடிக்கும் முறைகள்தான். புதுமை இவற்றை விடாமல் பத்தாண்டு தொடர்ந்து செய்வதில் இருக்கிறது. நிவாரணத் திட்டங்கள் ஆறுமாதக் கணக்கில் எழுதப்படுவதுதான் சிக்கல்.

2025 செப்டம்பரில் மடகாஸ்கரின் இளைஞர்கள் தண்ணீரும் மின்சாரமும் கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரி ரஜோவெலினாவின் ஆட்சி கவிழ்ந்து ராணுவத்தின் கைக்குப் போனது. தலைநகரிலேயே குழாயில் நீர் வராத நாட்டில் ஆண்ட்ராய்க்கு நீர் போகாததற்கு வானத்தை மட்டும் குறைசொல்ல முடியாது என்பதை அந்நாட்டு மக்களே சொல்லிவிட்டார்கள்.

பருவநிலை மாற்றம் பொய் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. புயல் மழை கனத்திருப்பது ஆய்வில் தெளிவாகிவிட்டது; அதற்குக் காரணமான கரியை உமிழ்ந்தவர்கள் கிராம்பு மரத்தை இழந்தவருக்கு ஈடுகொடுக்கக் கடன்பட்டவர்கள். ஆனால் ஒவ்வொரு பட்டினியையும் பருவநிலையின் கணக்கில் எழுதுவது அரசுகளுக்கு வசதியாகிவிடுகிறது: போடாத சாலைக்கும் பதிக்காத குழாய்க்கும் பகிராத நிலத்துக்கும் யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை. மழை பொய்ப்பதையும் புயல் வருவதையும் மடகாஸ்கரால் தடுக்கமுடியாது. மாடு விற்கும் முன் கையில் பணம், விதை தின்னும் முன் கிராமத்தில் தானியம், புயல் ஓய்ந்த வாரமே நடுவதற்குக் கன்று ஆகிய மூன்றையும் கொண்டுசேர்ப்பது அரசாலும் உலகத்தாலும் முடிகிற காரியம். முடிகிற காரியத்தைச் செய்யாமல் விட்டதால் வரும் பசிக்கு இயற்கைப் பேரிடர் என்று பெயர் வைப்பது தவறு.